அம்மாவிடம் கேட்டீர்களா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்றை மட்டும் எடுத்திருக்கிறேன். மூன்றும் தாய்க்கோ தகப்பனுக்கோ புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிற வீடுகளில் இருந்து வந்தவை. மருந்தைப் பற்றி டொக்டர் சொல்லுவார், வீட்டைப் பற்றி யார் சொல்வது என்று அதில் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார். நான் தாதியாக வாட்டில் நின்ற காலத்தில் பார்த்ததையும், பிறகு என் கணவருக்குத் தொண்டையில் இந்த வருத்தம் வந்தபோது எங்கள் வீட்டில் பட்டதையும் வைத்து எழுதுகிறேன். முதல் கடிதத்துக்குத்தான் பதில் நீளம்.

கேள்வி: அன்புள்ள அன்ரி, எங்கள் ஊர் விசுவமடு. எனக்கு 20 வயது. அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். ஒப்பரேஷன் முடிந்து, இப்போது மூன்று கிழமைக்கு ஒரு தடவை தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கீமோ ஏற்றி வருகிறா. அப்பாவுக்கு 2009 இல் ஒரு கால் போய்விட்டது. வாசலில் சின்னக் கடை வைத்திருக்கிறார். அம்மாவின் வருத்தம் தெரிந்த நாளில் இருந்து அவர் ஒருவரோடும் கதைப்பதில்லை. தம்பிக்கு ஓ.எல். வருகிறது, ஆனால் இரவு ஒன்பது மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறான். தங்கச்சிக்கு 9 வயது. அவளிடம் அம்மாவுக்கு வயிற்றுப் புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம். போன முறை ஊசி ஏற்றி வந்த அன்று அம்மாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனதைக் கண்டு "அம்மாவுக்கு இரத்தம் போகுது" என்று கத்தினாள். பெரியம்மா தனிக் கோப்பை, தனிப் பேணி வைக்கச் சொல்கிறா. தங்கச்சியை அம்மாவோடு படுக்க விடவேண்டாம் என்கிறா. மாடுகளை விற்பதற்கு மாமாவிடம் ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். அம்மா கவலைப்படுவா என்று அவவுக்குச் சொல்லவில்லை. எனக்கு அறிவியல் நகரில் விவசாய பீடம் கிடைத்திருக்கிறது. போகாமல் விடுவதுதான் சரி என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: பிள்ளை, பெரியம்மா சொன்னது உங்கள் கடிதத்தில் இருக்கிறது. மாமாவிடம் கேட்டது இருக்கிறது. அப்பா கதைக்காமல் இருப்பதும் இருக்கிறது. அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரியும் இல்லை. நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் எங்கே சுற்றினாலும் நான் இந்த இடத்துக்குத்தான் திரும்பி வருவேன்.

அந்த மாடுகளை வளர்த்தது யார்? அப்பா கால் இல்லாமல் வந்த நாளில் இருந்து வீட்டை நடத்தியது யார்? முகாமில் இருந்து திரும்பி வந்து, தறப்பாளுக்குக் கீழே அடுப்பு மூட்டி, பற்றை வெட்டி, கடன் எடுத்து ஒரு மாடு வாங்கி, அதன் பாலில் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மார் வன்னியில் எத்தனை பேர். உங்கள் அம்மாவும் அப்படி ஒருவர்தான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. வருத்தம் அவருடைய உடம்பில் வந்திருக்கிறது. அவருடைய யோசனையில் வரவில்லை. ஒரு காலையில் எழும்பிப் பார்க்கும்போது மாட்டுக்கொட்டில் வெறுமையாக இருந்தால், இனி நான் எழும்பமாட்டேன் என்று இவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள் என்றுதான் அவர் நினைப்பார். வாட்டில் கிடந்த அம்மாமார் என்னோடு நோவைப் பற்றிக் கதைத்ததைவிட, வீட்டில் தனக்குத் தெரியாமல் என்ன நடக்கிறதோ என்று கதைத்ததுதான் அதிகம்.

அவரிடமே கேளுங்கள். "அம்மா, பால் கறக்கவும் புல்லு வெட்டவும் ஆள் போதாது. என்ன செய்வம்?" இவ்வளவுதான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விற்கச் சொல்வாரோ, பக்கத்து வீட்டுக்குப் பாதிப் பாலுக்கு விடச் சொல்வாரோ, எல்லாவற்றையுமே விற்கச் சொல்வாரோ தெரியாது. எதுவானாலும் அது அவர் எடுத்த முடிவாக இருக்கும். கீமோ நடக்கும் காலத்தில் அவர் கொட்டிலுக்குள் இறங்கிச் சாணி அள்ளுவதும் பால் கறப்பதும் கூடாது. ஒரு சின்னக் கீறலும் அவருக்குக் கிருமி ஏறும் வழி. அருவி வெட்டு நேரத்தில் வயல் தூசுக்குள்ளும் நிற்கக் கூடாது. ஆனால் நிழலில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு எந்தத் துண்டை முதல் வெட்டுவது, யாருக்கு எவ்வளவு கூலி என்று சொல்வதற்கு எந்த மருந்தும் தடை இல்லை.

இனித் தங்கச்சி. உங்கள் வீட்டில் எனக்கு ஆகக் கூடின கவலை அந்தச் சின்னப் பிள்ளையைப் பற்றித்தான். வயிற்றுப் புண்ணுக்கு ஏன் இப்படி எல்லோரும் அழுகிறார்கள் என்று 9 வயதுப் பிள்ளை யோசிக்காதா? உண்மை தெரியாத பிள்ளை தானாக ஒரு கதையைக் கட்டிக்கொள்ளும். பெரும்பாலும் அந்தக் கதையில் குற்றவாளி அந்தப் பிள்ளையாகவே இருக்கும். அம்மாவோடு சண்டை பிடித்தேன், சொல் கேட்கவில்லை, அதால்தான் அம்மாவுக்கு வருத்தம் என்று நினைத்து, ஒருவருக்கும் சொல்லாமல் இரவில் முழித்துக்கொண்டு படுத்திருக்கும். எங்கள் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. போய்விட்டு வாறன் என்று சொல்லிப் போனவர்கள் திரும்பி வராத கதைகளை எங்கள் பிள்ளைகள் பாலோடு சேர்த்துக் குடித்திருக்கிறார்கள். விடியப்புறம் அவள் நித்திரையாக இருக்கும்போது அம்மா சொல்லாமல் பஸ் ஏறிப் போனால் அவள் மனதில் என்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள்.

அம்மாவே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். பெயரைச் சொல்லுங்கள், புற்றுநோய் என்று. "அந்த வருத்தம்" என்று குசுகுசுத்தால் பிள்ளைக்குப் பயம் கூடும். பள்ளிக்கூடத்தில் வேறு யாராவது அந்தப் பெயரைச் சொல்லி அவள் முதல்தரம் அறிவதைவிட அம்மாவின் வாயால் அறிவது நல்லது. இது உன்னால் வந்ததில்லை, உனக்குத் தொற்றாது, நான் இல்லாத நாளில் உனக்கு யார் தலை பின்னிவிடுவா, யார் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவா என்று மூன்றையும் தெளிவாகச் சொல்லட்டும். "அம்மா செத்துப்போவாவா?" என்று அவள் கேட்டால் "இல்லை" என்று சத்தியம் பண்ணவும் வேண்டாம், வாயை மூடவும் வேண்டாம். "சுகப்படுத்தத்தான் டொக்டர்மார் இந்த மருந்து தருகினம். ஏதாவது மாறினால் உனக்கு ஒளிக்காமல் சொல்லுவன்" என்று சொன்னால் போதும். சொன்னபடி பிறகு நடக்கவும் வேண்டும். வகுப்பு ரீச்சரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். தெல்லிப்பளையில் நிற்கும் இரவு அம்மா ஐந்து நிமிடமாவது அவளோடு போனில் கதைக்கட்டும்.

அந்தச் சிவப்பைப் பற்றி அவளுக்கும் சொல்லுங்கள், நீங்களும் பயப்படாதீர்கள். மார்புப் புற்றுநோய்க்கு அடிக்கடி ஏற்றும் மருந்துகளில் ஒன்று டொக்ஸோரூபிசின். மருந்தே சிவப்பு நிறம். ஏற்றிய பிறகு ஒன்றிரண்டு நாள் அந்த நிறம் சிறுநீரில் போகும். அது இரத்தம் அல்ல. அதற்குப் பிறகும் சிவப்பு நிற்கவில்லை என்றாலோ, சிறுநீர் எரிந்தாலோ வாட்டில் சொல்ல வேண்டும்.

பெரியம்மாவுக்கு அடுத்ததாக வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறார். புற்றுநோய் ஒருவரில் இருந்து ஒருவருக்குத் தொற்றுகிற வருத்தமில்லை. அம்மா குடித்த பேணியில் நீங்கள் குடிக்கலாம், ஒரே கோப்பையில் குழைத்து உண்ணலாம், தங்கச்சி அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுக்கலாம். அவளுக்குத் தடிமனோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் தள்ளிப் படுக்கட்டும், அது அம்மாவைக் காப்பாற்ற. தனிக் கோப்பை வைத்த அன்றே அம்மா தன் வீட்டில் விருந்தாளி ஆகிவிடுவார்.

கவனிக்க வேண்டியது நோயை அல்ல, மருந்தைத்தான். கீமோ ஏற்றி முதல் 48 மணித்தியாலம் மருந்தின் மிச்சம் சிறுநீரிலும் மலத்திலும் சத்தியிலும் போகும். அந்த இரண்டு நாளும் மலசலகூடத்துக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள், ஒரு தரம் ஊற்றி இன்னொரு தரமும். சத்தி வாளியைக் கழுவுகிறவர், அழுக்கான துணியை எடுக்கிறவர் ரப்பர் கையுறை போட்டுச் செய்து, சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். அந்தத் துணிகளைத் தனியாகத் தோயுங்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் அந்த வேலையைச் செய்யக் கூடாது. பெரியம்மாவிடம் இப்படி விளக்கமாகச் சொன்னால் அவருக்கும் பயப்படச் சரியான இடம் ஒன்று கிடைக்கும், மற்றப் பயம் குறையும்.

மூன்று கிழமைக்கு ஒரு கீமோ என்றால் அந்த மூன்று கிழமையும் ஒரே மாதிரி இருக்காது. வீட்டில் ஒரு கலண்டரை எடுத்து ஊசி ஏற்றிய நாளை முதலாம் நாளாகப் போடுங்கள். முதல் நாலைந்து நாள் சத்தி, சோர்வு, வாய்க்குப் பிடிக்காது. அந்த நாட்களில் சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாகப் பல தரம் கொடுக்க வேண்டும். கஞ்சி, இடியப்பமும் உறைப்பில்லாத சொதியும், கிறீம் கிராக்கர், இளநீர், எது இறங்குகிறதோ அது. மீன் பொரிக்கிற மணம் குடலைப் புரட்டும், அடுப்பை வெளியில் வையுங்கள். ஏழாம் நாளில் இருந்து பதினாலாம் நாள் வரையான காலம் பார்வைக்கு அவர் தெளிந்த மாதிரி இருப்பார். ஆனால் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஆகக் குறைவது அப்போதுதான். ஆக ஆபத்தான கிழமை அது. மூன்றாவது கிழமை நல்ல கிழமை. முறிகண்டிப் பிள்ளையாரிடம் போவதும், ஆட்களைப் பார்ப்பதும், தம்பியோடு இருந்து கதைப்பதும், வீட்டில் பெரிய முடிவு ஏதாவது எடுப்பதும் அந்தக் கிழமைக்குத் தள்ளி வையுங்கள்.

காய்ச்சலைப் பற்றி ஒன்று. வெட்டி எடுத்துக் குசினிச் சுவரில் ஒட்டினாலும் சந்தோஷம். காய்ச்சல் என்றால் பனடோல் போட்டு மூன்று நாள் பார்ப்பது எங்கள் பழக்கம். கீமோ எடுக்கிற ஆளுக்கு அந்தப் பழக்கம் உயிராபத்து. ஒரு தேர்மோமீற்றர் வாங்கி வையுங்கள். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரனைற், அதைத் தொட்டால் இரவு இரண்டு மணி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. முதலில் பனடோல் போட்டு வெக்கையைக் குறைத்துவிட்டுப் பார்க்கவும் கூடாது, அது காய்ச்சலை மறைத்துவிடும். நடுக்கம் எடுத்தால் தேர்மோமீற்றரில் எவ்வளவு காட்டினாலும் போங்கள். 1990 க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. ஓ.பி.டி. வாசலில் முதல் சொல்லே "கீமோ எடுக்கிற ஆள், காய்ச்சல்" என்றிருக்க வேண்டும். வரிசையில் இருத்தி வைத்தால் இன்னொரு முறை உரத்துச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியை ஒரு பையில் போட்டுக் கதவடியிலேயே தொங்கவிட்டு வையுங்கள்.

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கக் கொடுங்கள். பழங்களை நன்றாகக் கழுவித் தோல் சீவிக் கொடுங்கள். காய்ச்சாத பால் வேண்டாம், வீட்டுத் தயிரைச் சிகிச்சை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். முள்ளுச் சீத்தா இலை அவித்துக் குடி, அது குடி, இது குடி என்று ஆட்கள் வந்து சொல்வார்கள். சமையலில் போடுகிற மஞ்சளும் இஞ்சியும் பிரச்சினை இல்லை. அதைத் தாண்டி எந்தக் கசாயமானாலும் டொக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். சில மூலிகைகள் ஈரலைத் தாக்கும், சில கீமோ மருந்தோடு முட்டும்.

சில நாளில் அவ்வளவு தூரம் போய், "கவுண்ட் காணாது" என்று, அதாவது இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் போதாது என்று, ஊசி ஏற்றாமல் திருப்பி அனுப்புவார்கள். பரந்தனில் பஸ் மாறி, யாழ்ப்பாணத்தில் பஸ் மாறிப் போன களைப்பில் அழுகை வரும். மருந்து வேலை செய்யவில்லை, கைவிட்டுவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. உடம்பு அடுத்த ஊசியைத் தாங்க இன்னும் ஒரு கிழமை வேண்டும், அவ்வளவுதான். இதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பஸ்ஸில் முன்சீற், கையில் ஒரு தேசிக்காய், இரண்டு சொப்பிங் பேக், முகத்துக்கு மாஸ்க். ஊசி ஏற்றித் திரும்புகிற நாளில் மட்டுமாவது காசு பார்க்காமல் ஓட்டோவோ வானோ பிடியுங்கள். மாதர் சங்கத்து ஆட்களிடம் கேட்டால் இரண்டு மூன்று நோயாளர் சேர்ந்து ஒரு வானைப் பிடிக்கவும் வழி இருக்கும்.

அப்பாவைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. கால் போனபோது அவரைத் தூக்கி நிறுத்தியவர் அம்மா. இன்று அந்த அம்மா படுத்திருக்கிறார். தன்னால் பஸ்ஸில் கூட்டிப் போகவும் முடியவில்லை. அந்த மனிதர் எதைக் கதைப்பார்? "அப்பா, கதையுங்கோ" என்று கேட்டு அவரைக் கதைக்க வைக்க முடியாது. அவருக்கு அவரால் மட்டும் முடிகிற ஒரு வேலையைக் கொடுங்கள். அவர் கடையில், படலைக்குப் பக்கத்தில் இருக்கிறார் அல்லவா? நோயாளியைப் பார்க்க வருகிற சனம் முழுவதும் அவரைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். எங்கள் சனத்துக்குப் பாசம் கூட. ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து, கட்டிலில் இருந்து, இதே வருத்தத்தில் யார் யார் செத்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போகும். ஏழு தொடக்கம் பதினாலாம் நாள் வரை ஒருவரையும் உள்ளே விடாமல் கடையிலேயே இருத்தி, பிளேன்ரீ கொடுத்து, சுகம் சொல்லி அனுப்பும் வேலையை அவரிடம் கொடுங்கள். தடிமன், இருமலோடு வருகிறவர்களை எந்த நாளும் விடக் கூடாது. அம்மாவைக் காக்கிற வேலை அது. ஒரு மாதத்தில் அவர் தானாகக் கதைக்கத் தொடங்குவார் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியும் வாய் திறக்காமல், சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல் இருந்தால் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற மனநல இலக்கத்துக்கு அடித்தும் கதைக்கலாம்.

தம்பி ஊர் சுற்றவில்லை, வீட்டுக்குள் வரப் பயப்படுகிறான். அந்த வயதுப் பெடியங்களுக்கு அழத் தெரியாது. திட்டாதீர்கள். காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுகிற பொறுப்பை அவனிடம் கொடுங்கள். பின்னேரம் ஆறு மணிக்கு அம்மாவுக்கு முன்னால் நிற்க ஒரு காரணம் அவனுக்குக் கிடைக்கும். படிக்கச் சொல்லி அவனைக் கேட்பதும் அம்மாவின் வேலையாகவே இருக்கட்டும். நீங்கள் கேட்டால் சண்டை வரும்.

அம்மாவுக்கு முதல் ஊசி ஏற்றி இரண்டு மூன்று கிழமையில் தலைமயிர் கொட்டத் தொடங்கியிருக்கும். நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடப்பதைப் பார்ப்பதைவிட முதலே கட்டையாக வெட்டிவிடுவது சிலருக்கு ஆறுதல். ஆனால் வற்புறுத்தாதீர்கள். கட்டையாக வெட்டின தலைமயிர் என்றால் எங்கள் பெண்களுக்கு வேறொரு காலம் ஞாபகம் வரும். 2009 இல் இயக்கத்தில் இருந்து அப்படிக் கட்டைத் தலைமயிரோடு வந்த பிள்ளைகளை முக்காடு போட்டு மூடி மூடி நாங்கள் கூட்டி வந்தோம். அம்மா மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்காமல் விட்டுவிடுங்கள். சிகிச்சை முடிந்த சில மாதத்தில் திரும்ப வளரும்.

கடைசியாக உங்கள் படிப்பு. போகாமல் விட வேண்டாம், பிள்ளை. பதிவுக்குக் கொடுத்த திகதிக்குள் போய்ப் பதியுங்கள். அறிவியல் நகர் உங்களுக்கு வெளிநாடு இல்லை, கிளிநொச்சிக்கு அங்கால் இரணைமடுப் பக்கம். பீடத்தில் மாணவ ஆலோசகர் இருப்பார், வீட்டு நிலைமையை முதல் கிழமையே அவரிடம் சொல்லிவிடுங்கள். கீமோ நாளில் மட்டும் யார் அம்மாவோடு போவது என்று பெரியம்மாவையும் மாதர் சங்கத்து ஆட்களையும் வைத்து முறை போடுங்கள். பெரியம்மாவுக்கு அக்கறை இருக்கிறது, அதைத் தனிக் கோப்பையில் இருந்து தெல்லிப்பளைப் பஸ்ஸுக்குத் திருப்பிவிடுங்கள். காசுக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் 2025 இல் இருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவுக்குக் கையெழுத்துப் போட முதல் இந்தச் செய்தியை அம்மாவிடம் சொல்லுங்கள், கம்பஸ் கிடைத்த செய்தியை. அதையாவது சொல்லிவிட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: மாமாவுக்கு வாயில் புற்றுநோய், கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடிக்கிறார்கள். கிழமைக்கு ஐந்து நாள், ஆறு கிழமைக்கு மேல் என்று சொல்லியிருக்கிறார்கள். வாய் முழுக்கப் புண். நான் கொடுப்பதைச் சாப்பிடாமல் பின் விறாந்தையில் திரும்பி இருந்து கொஞ்சம் குடித்துவிட்டு எழும்புகிறார். வெற்றிலையை மட்டும் ஒளித்து ஒளித்துப் போடுகிறார். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போயே ஆக வேண்டும் என்கிறார். — ஒரு மருமகள், ஒட்டுசுட்டான்

பதில்: மகள், மாமா உங்களில் கோபித்துத் திரும்பி இருக்கவில்லை. வாயால் வடிகிறது, விழுங்கும்போது முகம் கோணுகிறது. மருமகள் அதைப் பார்க்கக் கூடாது என்ற வெட்கம். பந்தியில் முதல் இருந்த மனிதர் அவர். என் கணவரும் இப்படித்தான் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். அவரைத் திருப்ப வேண்டாம். அவர் சாப்பிடும் நேரத்தில் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, அதற்கும் அதே கஞ்சியைக் கொடுங்கள். சின்னப் பிள்ளைக்கு முன்னால் வடிகிற வாய்க்கு வெட்கம் இல்லை.

ஒரு லீற்றர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து வையுங்கள். சாப்பிட முதலும் பிறகும், படுக்கும்போதும் அதால் கொப்புளித்துத் துப்பட்டும். தினம் புதிதாகக் கரைக்க வேண்டும். உறைப்பு, புளி, சூடு மூன்றும் வேண்டாம். குரக்கன் கஞ்சி, மசித்த அவித்த முட்டை, குழைய அவித்த பருப்பும் சோறும் வடித்து, நன்றாகக் கனிந்த வாழைப்பழம். நோவு மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல் கொடுக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். நிறை குறைந்துகொண்டே போனால் மூக்குக் குழாய் வைக்க வேண்டி வரும், அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். கரண்ட் பிடித்து வந்தவரிடம் பேரப்பிள்ளைகள் போகலாம், வெளியில் இருந்து பிடிக்கிற கதிர் அவரில் தங்கி நிற்காது. தைரொயிட்டுக்குக் குடிக்கக் கொடுக்கிற அயடீன் மருந்து வேறு, அதற்குத்தான் சில நாள் தள்ளி இருக்கச் சொல்வார்கள்.

வெற்றிலை கட்டாயம் நிற்க வேண்டும். புகையிலை மட்டும்தான் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது 2004 இலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் தீர்மானித்த விஷயம். வெற்றிலைத் தட்டத்தைப் பறித்து எறியாதீர்கள். அந்த வீட்டில் தட்டம் அவர் கையால் நீட்டப்பட்டது. "மாமா, இனி வாற ஆட்களுக்கு என்ன கொடுப்பம்?" என்று அவரையே கேளுங்கள். கல்கண்டும் ஏலக்காயும் வைக்கச் சொல்லி அவரே முடிவு எடுத்தால் அந்தத் தட்டத்தில் பாக்கு திரும்பி வராது.

வற்றாப்பளைக்கு அவர் போகட்டும், ஆனால் பொங்கல் இரவுச் சனத்துக்குள் வேண்டாம். முன்னோ பின்னோ ஒரு சாதாரண நாளில், வெயில் ஏற முதல். கரண்ட் பிடித்த கழுத்துத் தோலில் வெயில் படக் கூடாது, மெல்லிய பருத்திச் சால்வை ஒன்று போட்டுக்கொள்ளட்டும். அந்த இடத்தில் சவரமும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

கேள்வி: நான் பிரான்ஸில் இருக்கிறேன். மாங்குளத்தில் அப்பாவுக்குக் குடலில் புற்றுநோய், அரசாங்க ஆஸ்பத்திரியில் கீமோ. காசு இல்லாமல் கொடுக்கிற மருந்தை நம்பலாமா? கொழும்பில் தனியாரிடமோ இந்தியாவுக்கோ மாற்றச் சொன்னால் அண்ணா மறுக்கிறார். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வீடியோவில் எடுக்கிறேன், அப்பா சரியாகக் கதைப்பதில்லை. எப்போது வந்தால் நல்லது?

பதில்: தம்பி, காசில்லாமல் கொடுக்கிறார்கள் என்பதால் மருந்து குறைந்ததில்லை. இந்த நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை எல்லோருக்கும் அப்படித்தான். தெல்லிப்பளைப் புற்றுநோய் மருத்துவமனை எப்படி வந்தது தெரியுமா? 2011 இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரைக்கும் காசு சேர்க்கவென்று ஆட்கள் 670 கிலோமீற்றர் நடந்து, வழியில் சிங்கள, தமிழ், முஸ்லிம் சனம் போட்ட காசும் சேர்ந்து எழும்பிய கட்டடம் அது. இரண்டாவது டொக்டரின் கருத்துக் கேட்பதில் பிழை இல்லை. அறிக்கைகளைப் பிரதி எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் அரைவாசியில் இடம் மாற்றினால் ஊசிக்கு இடையில் நாள் இழுபடும். அதோடு, அண்ணாவிடமும் டொக்டரிடமும் கேட்க முதல், அப்பாவுக்கு எங்கே மருந்து எடுக்க விருப்பம் என்று அப்பாவைக் கேட்டீர்களா?

உங்கள் காசுக்கு இங்கே வேலை இருக்கிறது. போய்வர வான், அண்ணா வேலைக்குப் போகாத நாளின் சம்பளம், வயலுக்குக் கூலியாள். அண்ணாவிடம் கணக்குக் கேட்காமல் அனுப்புங்கள். இரவு ஆஸ்பத்திரியில் நிற்கிறவர் அவர்.

உங்களுக்கு இரவு 9 மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி 12.30, குளிர்காலத்தில் 1.30. அப்பா எப்படிக் கதைப்பார்? ஞாயிற்றுக்கிழமை உங்கள் மத்தியானத்தில் எடுங்கள், இங்கே பின்னேரம். கீமோ எத்தனை முடிந்தது என்று கேட்காமல், குளத்தில் தண்ணீர் எவ்வளவு, எந்த நெல் விதைத்தீர்கள் என்று கேளுங்கள். அழுகை வந்தால் போனை வைத்துவிட்டு அழுங்கள்.

வருவதென்றால் எல்லாம் முடியட்டும் என்று பார்க்காமல் இப்போதே வாங்கோ, அவர் எழும்பி நடந்து உங்களோடு கதைக்கக் கூடிய காலத்தில். கீமோத் திகதியை அண்ணாவிடம் கேட்டு, அடுத்த ஊசிக்கு முந்திய கிழமையில் வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். விமானத்தில் தடிமனோ இருமலோ பிடித்தால் அது மாறும்வரை கிளிநொச்சியில் சொந்தக்காரர் யாருடைய வீட்டிலாவது நின்றுவிட்டுத்தான் மாங்குளத்துக்குப் போக வேண்டும்.